கரண்ட் போனபோது பேசியவள்

1

நான் கனடாவில் வந்து இறங்கிய நாள் நவம்பர் மாதக் கடைசியில் வருகிறது. எங்கள் வீட்டில் அதைக் கொண்டாடுவது கிடையாது. என் மனைவிக்கு அந்தத் தேதியே நினைவில் நிற்பதில்லை, அவள் ஒரு வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். ஆக, அந்த நாளை மறக்காமல் வைத்திருந்தவன் உலகத்திலேயே ஒருவன்தான், முடிச்சூர் மோகன். அன்றைக்கு மீனம்பாக்கம் விமான நிலையம் வரைக்கும் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போனவன் அவன். ஒவ்வொரு வருடமும் வாசலில் உறைந்த பனி கரைய நான் உப்புத் தூவிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வாட்ஸப்பில் அடிப்பான்.

"இன்னா மச்சான், இன்னொரு வருசம் ஓடிப் போச்சு. எப்ப வர?"

"வரேன்டா, வரேன்."

"இதையேதான் போன வருசமும் சொன்ன."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எதுவும் தேவைப்பட்டதில்லை. இந்த வருடம் போன் வரவில்லை. வந்திருந்தால் எடுத்திருப்பேனா என்றும் தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோகன் என்னை ஏமாற்றிவிட்டான். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ விதத்தில் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், அதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன். இவன் செய்ததை அப்படிக் கடக்க முடியவில்லை.

மோகன் என்பது அவன் பெயரில்லை. தாம்பரம் வட்டாரப் பத்திரிகையில் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் பெருங்களத்தூர், முடிச்சூர், மேற்கு தாம்பரம் ஆட்கள். பெயர்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

2

எங்கள் இளமையில் தாம்பரத்தில் வேலை என்பது சுவரொட்டியில் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு நெடுக மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர்கள். இந்த வருடம் ஒரு மொழியைப் படித்தால் வேலை என்பார்கள், படித்து முடிக்கும்போது போஸ்டரில் வேறு பெயர் இருக்கும். நானும் மோகனும் அப்படி ஒரு மாடியில்தான் சந்தித்தோம். நான் ஒரு பள்ளி ஆசிரியரின் பிள்ளை, எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருவேன். அவன் முடிச்சூரில் நிலம் வைத்திருந்து பிளாட் போட்டு விற்றுவிட்ட குடும்பத்துப் பையன், சைக்கிளில் வருவான். படிப்பு முடிந்ததும் எனக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். எங்கள் இரண்டு பேரில் அவன்தான் கெட்டிக்காரன் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இப்போதும் ஊரிலிருந்து போன் வந்தால் பாதி போன் வேலை பற்றிக் கேட்கத்தான். பெரியப்பா மகன் கேட்பான், சபையில் பழகிய அக்கா கேட்பார், எப்போதோ பக்கத்து வீட்டில் இருந்தவர் எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்துக் கேட்பார்: "தம்பி, பையன் பன்னிரண்டாவது. எதை எடுத்தா வேலை கிடைக்கும்?" வெளிநாட்டில் இருப்பவனுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கே பெரிய பெரிய கம்பெனிகளில் ஆட்களைக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகப் படித்து முடித்தவர்கள் செய்துவந்த ஆரம்ப வேலைகளையெல்லாம் இப்போது இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஐந்து வருடம் அனுபவம் இருந்தால் வா என்கிறான், அந்த முதல் வருடத்தை யார் கொடுப்பது என்று கேட்டால் பதில் இல்லை. இதைப் போய் அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? "அவனுக்கு எது பிடிக்குதோ அதைப் படிக்கட்டும்க்கா" என்பேன். சொல்ல விருப்பமில்லாமல் மழுப்புகிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மோகன் மட்டும் அப்படிக் கேட்டதே இல்லை. அவன் மகள் நிவேதா எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தபோதுகூடச் சேர்த்த பிறகுதான் சொன்னான். இந்த வருடக் கோடையில்தான் முதல் தடவையாகக் கேட்டான். "மச்சான், நிவிக்கு காலேஜ்ல கேம்பஸே வரல. வெளிய தேடினதுல ரெண்டு கம்பெனி, ஆர்டர் குடுத்துட்டு கூப்பிடாமலே வச்சிருக்கான். உன் ஆபீஸ்ல எதுனா இருந்தா பாரேன்."

கேட்டது மோகன். நான் பார்க்காமல் இருப்பேனா?

3

நான் வேலை செய்வது டொரொன்டோவுக்கு மேற்கே ஒரு சின்ன நிறுவனத்தில். தொழிற்சாலை இயந்திரங்களில் சென்சார் பொருத்தி, பழுதாகப் போகிற இயந்திரத்தைப் பழுதாகும் முன்பே சொல்லிவிடும் மென்பொருள் எங்களுடையது. காலையில் எழுந்து, காரின் கண்ணாடியில் பிடித்த பனியைச் சுரண்டி, நாற்பது கிலோமீட்டர் போய், இயந்திரங்களின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு இருட்டியதும் திரும்புகிறேன். வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குழு வைக்கலாம் என்ற யோசனை எங்கள் நிறுவனத்தில் வந்தபோது அனுபவசாலிகளை மட்டும் எடுப்போம் என்றார்கள். இரண்டு மாதம் வாதாடி, புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்க வைத்தவன் நான். "எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்" என்று கூட்டத்தில் சொன்னேன்.

நிவேதாவின் விண்ணப்பத்தை என் மேலாளர் க்ளேரிடம் நானே அறிமுகம் செய்தேன். இத்தனை வருடம் கழித்தும் அவசரத்தில் என் இங்கிலீஷ் தாம்பரத்துக்கே திரும்பிவிடும். "ஷி இஸ் மை டாட்டர் ஒன்லி" என்று சொல்லித் தொலைத்தேன். எனக்கு அவள் மகள் மாதிரிதான் என்பது நான் சொல்ல வந்தது. க்ளேருக்குக் கேட்டது வேறு. மறுநாள் மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்: மகளைச் சிபாரிசு செய்வது குறித்து விளக்கம் தேவை. அவள் என் மகள் இல்லை என்று நிரூபிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, என் சொந்தப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதுகூட அவ்வளவு கேள்விகள் இல்லை. உறவுமுறை என்ன, எவ்வளவு காலப் பழக்கம், சேர்ந்து சொத்து ஏதேனும் உண்டா. கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். நேர்காணலில் நான் கேள்வி கேட்கக் கூடாது, முகமும் காட்டக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம்.

மோகனிடம் சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்சதை தெளிவா பேசச் சொல்லு. இங்கிலீஷ் தப்பா இருந்தாலும் பரவாயில்ல, இங்க அதை யாரும் பார்க்க மாட்டாங்க. என் மானத்தையும் சேர்த்துதான் வெச்சிருக்கேன்டா."

"நான் பாத்துக்கறேன் மச்சான்" என்றான். பார்த்துக்கொண்டான்.

4

அக்டோபர் மாதம். இங்கே காலை ஒன்பது, அங்கே மாலை ஆறரை. திரையில் நிவேதா வந்தாள். நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இப்போது முடியை இழுத்துப் பின்னி, இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்க இரண்டு பேர், க்ளேரும் ரயன் என்ற என் சக ஊழியனும். நான் கேமராவை அணைத்த, பெயரில்லாத ஒரு கறுப்புச் சதுரம்.

முதல் கேள்விக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கு நெஞ்சு விம்மியது. அப்படி ஓர் இங்கிலீஷ். மோகன் பொண்ணுடா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கேள்வியிலும் அப்படித்தான். மூன்றாவதில் ஏதோ நெருடியது. எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் ஒரு சின்ன மௌனம், பிறகு "தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்", அதன் பிறகு மூச்சு விடாமல் பதில். கண் மட்டும் லேப்டாப்புக்கு மேலே எதையோ பார்த்து இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் சர்ச்சில் வேதபாடம் வாசிக்க ஏறும் பிள்ளைகளின் குரல் அது. ஒரு எழுத்துகூடத் தப்பாது, ஆனால் அவர்கள் பேசுவதாக யாரும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பதற்றத்தில் மனப்பாடம் செய்து வந்திருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்போது திரை அப்படியே உறைந்து, அவள் காணாமல் போனாள்.

அங்கே நல்ல மழை. மழை வந்தால் முடிச்சூரில் கரண்ட் போகும், அதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரயன் காபி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் திரும்ப வந்துவிட்டாள். அறை முழுக்க இருட்டு, ஒரு எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சம் பாதி முகத்தில். இன்டர்நெட் போய்விட்டதால் போனிலிருந்து இணைப்பு எடுத்திருப்பதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

க்ளேர் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, நீ செய்து சரியாக வராமல் போன ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல் என்றாள்.

நிவேதா வழக்கம்போல லேப்டாப்புக்கு மேலே பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் தணிந்த தொனியில் சொன்னது: "பேசும்மா. எதுனா சொல்லு, சும்மா கீற."

அந்தக் குரலை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். மற்ற இரண்டு பேருக்கும் அது வெறும் சத்தம்.

பிறகு அவள் பேசினாள். இங்கிலீஷ் தடுக்கியது, காலமும் இடமும் குழம்பியது, நடுவில் "ஆக்சுவலி மேம்" என்று திரும்பத் திரும்ப வந்தது. சொன்னது இதுதான். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. அதனால் கல்லூரியில் ப்ராஜெக்டாக, தெருமுனைக் கால்வாய்ப் பாலத்தின் கீழே தண்ணீர் மட்டத்தை அளக்கும் ஒரு சென்சார் வைத்தாள். தண்ணீர் ஏறினால் தெருவின் வாட்ஸப் குழுவுக்குச் செய்தி போகும். முதல் மழையிலேயே செய்தி போனது. தெருவில் இருந்த அங்கிள்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். தண்ணீர் வரவேயில்லை. அடுத்த நாளும் அதே கதை. குழுவில் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். காலையில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால், சென்சாருக்கு நேர் கீழே தெர்மாகோல் அட்டைகள் வந்து ஒன்றன் மேல் ஒன்றாக அடைந்திருந்தன. சென்சார் அதைத்தான் தண்ணீர் என்று அளந்துகொண்டிருந்தது.

"ஸோ மேம், சென்சார் இஸ் கரெக்ட். பட் நான்தான் ராங்" என்றாள். தமிழ் கலந்தது அவளுக்கே தெரியவில்லை.

பிறகு என்ன செய்தாய் என்று கேட்டாள் க்ளேர். கொஞ்சம் தள்ளி இன்னொரு சென்சார் வைத்தாளாம். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால்தான் தெருவுக்குச் செய்தி போகும். ஒன்று மட்டும் சொன்னால் அவளுக்கு மட்டும் வரும், அவள் போய்ப் பார்ப்பாள்.

"இரண்டும் தப்பாகச் சொன்னால்?"

நிவேதா யோசித்தாள். இந்தத் தடவை கண் எங்கும் நகரவில்லை. "அது எனக்குத் தெரியலை மேம். அதுக்கு இன்னும் ஒண்ணும் பண்ணல" என்று இங்கிலீஷில் சொன்னாள். க்ளேர் எதையோ வேகமாக எழுதினாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கறுப்புச் சதுரத்துக்கு அன்றைக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

அதற்குள் ட்யூப் லைட் எரிந்தது. மின்விசிறிக் காற்றில் காகிதம் ஏதோ படபடத்தது. சற்று நேரத்தில் நிவேதாவின் கண்கள் மறுபடி மேலே போயின. "தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்" என்றாள்.

5

அழைப்பு முடிந்ததும் அலுவலகத்தில் மூன்று பேரும் ஒரே அறையில் கூடினோம், ரயன்தான் முதலில் பேசினான். அதே வாரத்தில் அவன் வேளச்சேரியிலிருந்து ஒரு பையனை நேர்கண்டிருக்கிறான். இந்தப் பெண் சொன்ன இரண்டு பதில்கள் அந்தப் பையன் சொன்ன பதில்களேதான், சொல்லுக்குச் சொல். எங்கேயோ ஒருவன் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் எழுதி அனுப்புகிறான் என்றான்.

க்ளேர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "இன்றைக்கு நாம் இரண்டு பேரிடம் பேசினோம். இருட்டில் பேசியவளை நான் அப்போதே எடுத்திருப்பேன்" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்தாள். "இந்தக் குடும்பத்தை உனக்குத் தெரியும் என்றாய். இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

சரி என்று சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு மூச்சு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கனடிய அனுபவம் உண்டா என்று கேட்டுக் கேட்டு என்னைத் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். கிடங்கில் பெட்டி தூக்கியிருக்கிறேன். நான் பேசும் இங்கிலீஷை என் முகத்துக்கு நேரே பேசிக் காட்டிச் சிரித்தவன் உண்டு. அப்போதெல்லாம் வராத அவமானம் அந்த ஒரு மூச்சில் வந்தது. அவள் என்னைச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட அவளுக்கு உரிமை இருந்தது.

நிவேதாவை நிராகரித்தார்கள். அது போகட்டும். அடுத்த வாரமே, வண்டலூர்ப் பக்கக் குழுவுக்குப் புதியவர்கள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நான் வாதாடி வாங்கிய இடங்கள் போயின. அந்த இடங்களுக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளைகள் யார் என்று எனக்குத் தெரியாது. ஊரப்பாக்கத்தில் ஒருத்தி இருந்திருக்கலாம், சேலையூரில் ஒருவன் இருந்திருக்கலாம். தங்களுக்கு ஒரு கதவு இருந்தது, அது மூடப்பட்டது என்பதே அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

6

நேர்காணல் நடந்த அன்று மதியமே மோகனை அழைத்தேன்.

"நீ அவ பின்னாடி நின்னுட்டு இருந்தியா?"

"எங்க?"

"மோகன், உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"கேட்டுச்சா?" என்றான்.

மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். வேளச்சேரியில் ஒரு கன்சல்டன்சி. இன்டர்வியூ சப்போர்ட் என்று அதற்குப் பெயர். நிவேதாவின் போன் வழியாக அங்கே ஒருவன் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பான். லேப்டாப்புக்குப் பின்னால் உயரமாக ஒரு மானிட்டர். அவன் பதிலை அடிக்க அடிக்க அதில் வரும், இவள் பார்த்துப் படிக்க வேண்டும். கரண்ட் போனதும் மானிட்டர் செத்துவிட்டது. இணைப்புக்குப் போனை எடுக்க வேண்டியிருந்ததால் அந்த ஆளும் அறுந்து போனான். கரண்ட் வந்ததும் மானிட்டர் எரிந்தது, போனில் அந்த ஆளையும் மோகனே மறுபடி பிடித்துக் கொடுத்தான்.

"ரூம்ல ஒரு பாயின்ட்டுதான் மச்சான் இன்வெர்ட்டர்ல கீது. மானிட்டரை அதுல போட்டிருக்கணும். நான் அவசரத்துல டிவி பாயின்ட்ல சொருகிட்டேன். அது ஒண்ணுதான் தப்பாப் போச்சு."

அவன் வருத்தப்பட்டதெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான். எந்த ஓட்டையில் சொருகினோம் என்பதற்கு. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

"அவளால பேச முடியாதுன்னு நினைச்சியா?"

"பேசுவா. யார் இல்லன்னது? அதுக்குன்னு விட்டுட முடியுமா? பக்கத்து ஃபிளாட் பையன் இப்படித்தான் உள்ள போனான். எல்லாரும் பண்றாங்கோ. நம்ம மட்டும் யோக்கியனா இருந்துகினு பிள்ளைய வூட்ல வெச்சிக்கிறதா?"

"உனக்காக நான் என் பேரை வெச்சேன்டா."

"உன் பேருக்கு இப்ப இன்னா ஆச்சு? வேலை போச்சா?"

"போகல."

"அப்பறம் இன்னா மச்சான்? எனக்குப் போச்சு."

அந்தக் கதை எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் புதிய தயாரிப்பு லைன் வந்தது, கைகள் போய் ரோபோக்கள் வந்தன. பழைய ஆட்கள் புதிதாகக் கற்றுக்கொண்டால் வைத்துக்கொள்வோம் என்றார்கள். மோகன் ராத்திரி உட்கார்ந்து படித்தான், பயிற்சியில் முதல் ஆளாகத் தேறினான், ரோபோவுக்கு ப்ரோகிராம் போடும் அளவுக்கு வந்தான். எனக்கு அந்த லைனின் வீடியோ எடுத்து அனுப்பியது நினைவிருக்கிறது. அவன் ஓட வைத்த லைன் நன்றாக ஓட ஆரம்பித்ததும், அதைப் பார்த்துக்கொள்ள பாதிச் சம்பளத்துக்குக் கான்ட்ராக்ட் பையன்களை எடுத்தார்கள். இவனை மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

"கத்துக்கோ கத்துக்கோன்னான், கத்துக்கினேன். அப்பால போய்ட்டு வான்னான். தெரிஞ்சுதா, தெரியலையான்னு எவனும் பாக்கல மச்சான். உள்ள நிக்கிறியா, வெளிய நிக்கிறியா, அவ்ளோதான். என் பொண்ணு உள்ள நிக்கணும். நீ ஃப்ளைட் ஏறிட்ட. உனுக்கு இது புரியாது."

போனை வைத்துவிட்டான். க்ளேர் சொன்னதை அவனிடம் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அன்றைக்கிருந்த கோபத்தில் அவனைக் குத்துவதற்காகத்தான் சொல்லியிருப்பேன்.

அவன் சொன்னதில் நியாயமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவனை அந்தத் தொழிற்சாலை ஏமாற்றியது. அதற்காக அவன் என்னை ஏமாற்றலாமா? என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டாமே. எவனோ ஒருவனிடம் போய் இதைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கசப்பு இருந்திருக்காது. நண்பன் என்ற ஒன்றை வைத்துத்தான் அந்த மானிட்டரை அவன் நிறுத்தி வைத்தான்.

7

என் மகன் ஈதனுக்குப் பதினேழு வயது. பள்ளி முடிந்ததும் பல்கலைக்கழகம் போகப் போவதில்லை, எலெக்ட்ரீஷியனாகப் பயிற்சிக்குச் சேரப் போகிறேன் என்கிறான். இங்கே அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, நல்ல கிராக்கி. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு மாதமாக வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அவனுக்கும் நடுவே இருந்த தமிழ் எப்போதோ "சாப்டியா", "தூங்கலையா" என்ற அளவுக்கு வந்துவிட்டது. பெரிய விஷயமெல்லாம் அவன் மொழியில்தான்.

இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, அவர் ஏன் அவளையே பேச விடவில்லை என்று கேட்டான். பயம் என்றேன். எதற்குப் பயம் என்றான். நான் மேற்கொண்டு விளக்க முயன்றேன், எனக்கே அது சரியாக வரவில்லை. அவன் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அவன் விண்ணப்பத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

8

டிசம்பர் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து காரில் உட்கார்ந்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அங்கிள், நான் நிவேதா பேசறேன். அப்பாவுக்குத் தெரியாது."

நல்லா இருக்கியாம்மா என்றேன். என் குரல் எனக்கே விறைப்பாகத்தான் கேட்டது.

"சாரி சொல்லத்தான் கூப்பிட்டேன் அங்கிள். நான் வேணாம்னு சொன்னேன். அப்பா அழுதாரு. அப்பறம் நான் படிச்சேன். அவரை மட்டும் சொல்லக் கூடாது. வாயைத் தொறந்து படிச்சது நான்தானே."

காரின் கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போனது.

"இன்னொண்ணு கேக்கணும். கேக்கலாமா?"

"கேளு."

"கரண்ட் போனப்ப நான் பேசினேன்ல. அந்தத் தெர்மாகோல் கதை. அது மட்டும்னா... இப்ப வேற ரெண்டு எடத்துல கூப்பிட்டிருக்காங்க அங்கிள். போக பயமா இருக்கு. நான் பேசினா போதுமா, இல்ல அந்த ஆள் பேசினாத்தான் எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியலை. அதான் கேக்கறேன். அன்னிக்கு அது மட்டும் இருந்திருந்தா என்னை எடுத்திருப்பாங்களா?"

நேர்காணலில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. சொல்லிவிட்டேன். க்ளேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழட்டும் என்று காத்திருந்தேன். அழுகை நின்ற பிறகு அவள் பேசியது நான் எதிர்பாராத ஒன்று.

"இதை அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க அங்கிள். நான் சொன்னா நம்ப மாட்டாரு. ஆறுதலுக்கு எதையோ சொல்றேன்னு நினைப்பாரு."

சரி என்றேன். அந்த வாரம் மோகனை மூன்று தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் பார்ப்பதில்லை. இந்த வட்டாரப் பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் சைக்கிளில் வந்து வீட்டுக்கு வீடு வீசிவிட்டுப் போவார். முடிச்சூரிலும் வீசுவார். ஆகையால் அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

டேய், நீ எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை, மறப்பேன் என்றும் சொல்லவில்லை. அது வேறு. இது உன் பொண்ணு கேட்டுக்கொண்டதால் எழுதுவது. அன்றைக்கு நீ இருட்டில் நின்றுகொண்டு, எதுனா சொல்லு என்று கெஞ்சினாயே, அப்போது அவள் சொன்னாள். அதைக் கேட்ட என் மேலாளர் மனதுக்குள் அந்த நிமிடமே அவளுக்கு வேலை கொடுத்துவிட்டாள். பிறகு கரண்ட் வந்தது, மோகன்.